மோட்டர் பிரேக் ரெக்டிபயர்: புரிந்துகொள்வதும் சோதிப்பதும், படிப்படியாக

பிரேக் மோட்டர் ஒன்று கிளம்பாமல் உறுமினாலோ, ஓடும்போது பின்பக்கத்திலிருந்து கருகல் மணம் வந்தாலோ, பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது ரெக்டிபயர்தான், அதாவது பிரேக் கொயிலுக்காக ஏசியை டிசியாக்கும் சிறிய பாகம். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுவது அது. இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். புறக்கோட்டைக்கு ஓடிப் போய் இன்னொன்றை வாங்கிப் பூட்டினால் சில நாள் ஓடும், அல்லது பூட்டிய அன்றே எரியும். அநேகமாகப் பழுது வேறெங்கோ இருந்திருக்கும். இல்லையென்றால் புதிதாக வாங்கியது அந்தக் கொயிலுக்குச் சேராததாக இருக்கும்.

கீழே வரும் ஒழுங்கு இந்த இரண்டையும் தவிர்க்கத்தான். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய ஓர் எண்ணைத் தருகிறது. அதனால் நடுவில் பாய வேண்டாம்.

இங்கே பேசப்படுவது ஸ்பிரிங்கால் பிடித்து, கொயிலுக்கு டிசி கிடைத்தால் விடுகிற பிரேக். ஹொயிஸ்ட், ஓவர்ஹெட் கிரேன், சாமான் லிப்ட், கன்வேயர் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதுதான். மின்சாரம் போனால் தானாகப் பிடிக்கும். சில பழைய மோட்டர்களில் பிரேக் கொயிலே மூன்று ஃபேஸ் ஏசியில் வேலை செய்யும். அவற்றில் ரெக்டிபயரே இல்லை. கொயிலிலிருந்து மூன்று வயர் வந்து, எந்த இரண்டுக்கு நடுவே அளந்தாலும் ஒரே ஓம் காட்டினால் அது அந்த வகை. இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

1. கையில் இருக்கவேண்டியவை

600 வோல்ட் டிசி வரை அளக்கக்கூடிய, கேட் 3 (CAT III, பாதுகாப்புத் தரம்) என்று போட்டிருக்கும் மல்டிமீற்றர். டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) சோதிக்கும் நிலை கட்டாயம் வேண்டும். குறைந்த, கூடிய அளவுகளைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் 7ஆம் படியில் கைகொடுக்கும்.

500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீற்றர்). ஃபீலர் கேஜ் ஒரு கட்டு. டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

லோடாகப் பாவிக்க 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, ஹோல்டரோடு. இப்போது கடைகளில் குண்டு பல்பு தேடித்தான் எடுக்கவேண்டும். கிடைக்காவிட்டால் 60 வாட் சோல்டரிங் அயர்ன் அதே வேலையைச் செய்யும், அதன் தடை சுமார் 880 ஓம். எல்ஈடி பல்பு சரிவராது. அதற்குள்ளேயே ஒரு ரெக்டிபயர் இருப்பதால் அது எரிவதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பேனா, காகிதம், போன் கமரா. ஒரு வயரைக் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். டெர்மினல் இலக்கங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். நினைவை நம்பிக் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது தடுமாறுவீர்கள்.

2. முதலில் சுமையை இறக்குங்கள்

ஹொயிஸ்டிலோ லிப்டிலோ வேலை என்றால் சுமை தரையில் இருக்கவேண்டும், அல்லது கூண்டு கீழே முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். சோதனையின்போது பிரேக் விடப்படும். கியரைப் பிடித்துவைத்திருப்பது அந்தப் பிரேக் மட்டும்தான்.

மெயின் எம்சிபியை நிறுத்தி, பூட்டு அல்லது அட்டை போடுங்கள். போர்ட் ஒரு மாடியிலும் மோட்டர் இன்னொரு மாடியிலும் இருக்கிற கட்டடங்களில், "லைன் போயிட்டு" என்று யாராவது திரும்பவும் தட்டிவிடுவது அபூர்வம் இல்லை.

ரெக்டிபயரின் டிசி பக்கத்தை பட்டரிபோல நினைக்காதீர்கள். உள்ளே டிரான்ஸ்போமர் கிடையாது. பிளஸ், மைனஸ் இரண்டுமே மெயின் லைனோடு நேரடியாகத் தொடுப்பில் இருப்பவை. எதைத் தொட்டாலும் ஏர்த்துக்கு நடுவே அடிக்கும். கொயில் ஓடிக்கொண்டிருக்கும்போது டிசி வயரைக் கழற்றுவதும் கூடாது. கொயிலில் சேர்ந்திருக்கும் சக்தி அந்த இடைவெளியில் பொறியாகப் பாயும், வோல்ட்டேஜ் ஆயிரத்தையும் தாண்டும்.

3. மூன்று எண்களை எழுதுங்கள்

எந்த ரெக்டிபயரையும் தனியாக வைத்து "நல்லது" "கெட்டது" என்று சொல்வதில் பயனில்லை. உள்ளே போகும் ஏசி எவ்வளவு, ரெக்டிபயர் அதை எத்தனையால் பெருக்குகிறது, கொயில் கேட்கும் டிசி எவ்வளவு என்ற மூன்றும் பொருந்தவேண்டும்.

கொயிலின் வோல்ட்டேஜ் மோட்டரின் பெயர்த்தகட்டிலோ, கொயில் உடம்பிலோ, வயரில் ஒட்டிய தாளிலோ இருக்கும். தகட்டில் இருப்பது ஏசியா டிசியா என்று கவனியுங்கள். "பிரேக் 230 ஏசி" என்றால் ரெக்டிபயருக்குக் கொடுக்கவேண்டியது அது. "103 டிசி" என்றால் கொயிலுக்குக் கிடைக்கவேண்டியது. இந்த இரண்டையும் குழப்பி 230 வோல்ட் கொயில் என்று கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

ரெக்டிபயரில் பிரதானமாக இரண்டு வகை. ஹாஃப் வேவ், அதாவது ஏசி அலையின் ஒரு பாதியை மட்டும் எடுப்பது என்றால் ஏசியை 0.45ஆல் பெருக்குங்கள். ஃபுல் வேவ், அதாவது பிரிட்ஜ் என்றால் 0.9ஆல். நம் நாட்டு 230/400 வோல்ட்டுக்குக் கணக்கு இப்படி வரும்:

230 ஏசி, ஹாஃப் வேவ்: சுமார் 103 டிசி
230 ஏசி, பிரிட்ஜ்: சுமார் 207 டிசி (தகடுகளில் 205 என்று இருக்கும்)
400 ஏசி, ஹாஃப் வேவ்: 180 டிசி
400 ஏசி, பிரிட்ஜ்: 360 டிசி, இதைக் கேட்கும் கொயில் அரிது

மூன்றாவது வகை இரண்டும் கலந்தது. தொடக்கத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் பிரிட்ஜாக முழு வோல்ட்டேஜைக் கொடுத்து, பிறகு ஹாஃப் வேவுக்கு இறங்கிவிடும். பிரேக்கின் இரும்புத் தட்டைச் சட்டென்று இழுக்கப் பெரிய கரண்ட் வேண்டும், இழுத்த பிறகு பிடித்துவைக்கச் சிறியது போதும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். 103 வோல்ட் கொயிலோடு 230 பிரிட்ஜ் ரெக்டிபயர் பூட்டியிருப்பதுபோலத் தெரிந்தால், பிழை என்று முடிவுகட்டுவதற்கு முன் அது இந்த வகையா என்று தகட்டைப் பாருங்கள்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் வாங்கிய பாவித்த ஜப்பான் மோட்டர் என்றால் கொயிலில் 90 டிசி என்று இருக்கலாம். அங்கே ஏசி 200 வோல்ட், அதன் 0.45 மடங்கு 90. அதை அப்படியே நமது 230க்குக் கொடுத்தால் 103 வோல்ட் போகும். வோல்ட்டேஜ் 15 வீதம்தான் கூட, ஆனால் சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால் 32 வீதம் கூடும். ஷட்டர்போல எப்போதாவது ஓடுவதில் தாக்குப்பிடிக்கும். நாள் முழுக்க ஓடும் கன்வேயரில் கொயில் மெல்ல மெல்லக் கருகும். இப்படியான மோட்டருக்கு 200 வோல்ட் டிரான்ஸ்போமர் ஒன்றைப் போடுவதே முறை.

4. ஏசி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகும் படி இது. ரெக்டிபயர் எரிவதற்கான காரணம் பல நேரம் இங்கேதான் அகப்படும். உள்ளே வரும் இரண்டு வயரையும் கையால் பின்தொடர்ந்து எங்கே முடிகின்றன என்று பாருங்கள்.

முதலாவது, மோட்டர் டெர்மினலிலிருந்தே எடுத்திருக்கலாம். ஸ்டாரில் கட்டிய மோட்டரில் ஒரு ஃபேஸுக்கும் ஸ்டார் முனைக்கும் நடுவே 230 கிடைக்கும். சிறிய மோட்டர்களில் இது வழக்கம். பெரிய மோட்டர்கள் 400 வோல்ட் டெல்டாவில் ஓடும். அங்கே ஸ்டார் முனையே கிடையாது, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400தான்.

ரீவைண்டிங் கடைக்குப் போய்வந்த மோட்டரில் பித்தளைத் தகடுகளை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றியிருந்தால் ரெக்டிபயருக்கு நடப்பதைப் பாருங்கள். யு1க்கும் யு2க்கும் (மோட்டரின் ஒரே சுற்றின் இரண்டு முனைகள்) நடுவே கட்டியிருந்தால் அதற்கு 230க்குப் பதில் 400 போகும். யு1க்கும் டபிள்யு2க்கும் (இன்னொரு சுற்றின் முனை) நடுவே கட்டியிருந்தால் அந்த இரண்டும் இப்போது ஒரே தகட்டில். வோல்ட்டேஜ் பூச்சியம், பிரேக் விடவே விடாது. ஒரே பிழை, வயர் எந்த முனையில் இருந்தது என்பதைப் பொறுத்து இரண்டு எதிரெதிரான அறிகுறி.

இரண்டாவது, இன்வேட்டர், அதாவது மோட்டரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி. மோட்டரை விஎஃப்டி ஓட்டுகிறதென்றால் ரெக்டிபயருக்கான ஏசியை மோட்டர் டெர்மினலிலிருந்து எடுக்கவே கூடாது. வேகம் குறைவாக இருக்கும்போது அங்கே வோல்ட்டேஜும் குறைவு, பிரேக் பாதி விட்டும் விடாமலும் தேயும். அதோடு இன்வேட்டர் வெளியே விடுவது நல்ல சைன் அலை இல்லை. ஆயிரக்கணக்கான ஹேட்ஸில் வெட்டப்பட்ட துண்டுகள் அவை. டயோடையும் வாரிஸ்டரையும் (வோல்ட்டேஜ் தாக்கை விழுங்கும் பாகம்) சூடாக்கிக் கொல்லும். போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, இன்வேட்டரின் பிரேக் ரிலே வழியாக ஒரு கொன்டக்டரை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்கி, அதன் ஊடாகக் கொடுக்கவேண்டும். பழைய ஸ்டாட்டரைக் கழற்றிவிட்டு இன்வேட்டர் போட்டுக் கொடுத்த இடங்களில் மாதத்துக்கொரு ரெக்டிபயர் போகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படவேண்டும். சொஃப்ட் ஸ்டாட்டர், ஸ்டார் டெல்டா ஸ்டாட்டர், இரண்டு வேக மோட்டர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான், தனி வயர்.

மூன்றாவது, போர்டிலிருந்து ஃபேஸும் நியூட்ரலும். சரியான முறை. நியூட்ரல் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நியூட்ரல் தளர்ந்தால் 230 இருக்கவேண்டிய இடத்தில் 300க்கு மேலும் ஏறும்.

5. கொயிலை அளவுங்கள்

ரெக்டிபயருக்கு முன் கொயில். ஷோட்டான கொயிலில் புது ரெக்டிபயரைப் பூட்டுவது காசை எரிப்பதுதான்.

இரண்டு வயரையும் ரெக்டிபயரிலிருந்து கழற்றி ஓம் நிலையில் அளவுங்கள். எவ்வளவு வரவேண்டும் என்பதற்கு வோல்ட்டேஜை வோல்ட்டேஜால் பெருக்கி வாட்டால் வகுங்கள். 40 வாட் கொயில் ஒன்று 103 வோல்ட் என்றால் சுமார் 265 ஓம், 180 வோல்ட் என்றால் 810, 205 வோல்ட் என்றால் 1050, 24 வோல்ட் என்றால் 14.4.

இந்தக் கணக்கு 20 பாகை செல்சியஸுக்கானது. செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். கொழும்பில் நிழலிலேயே 30 பாகை, அதனால் குளிர்ந்த மோட்டரிலும் 4 வீதம் கூடத்தான் காட்டும். ஓடி நின்ற மோட்டரில் கொயில் 80 பாகையில் இருந்தால் 24 வீதம்வரை கூடும். 265 ஓம் கொயில் 328 காட்டும், அது பழுதில்லை. மறுபக்கம், சூடான மோட்டரில் 265 காட்டினால்தான் யோசிக்கவேண்டும். சில சுற்றுகள் ஷோட்டாகி இருக்கலாம். ஆறவிட்டுத் திரும்ப அளவுங்கள். 10 வீதத்துக்கு மேல் குறைந்தால் கொயிலை மாற்றத்தான் வேண்டும்.

கொயிலிலிருந்து மூன்று வயர் வந்து, அளவுகள் வெவ்வேறாக இருந்தால் உள்ளே இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இழுக்கும் பகுதிக்குத் தடை குறைவு, பிடித்துவைக்கும் பகுதிக்குக் கூட. இரண்டு சிறிய அளவுகளின் கூட்டுத்தொகை மூன்றாவதுக்குச் சமமாக வரவேண்டும். இந்த வகைக்கு அதற்கென்றே செய்த ரெக்டிபயர் மட்டும்தான். வயர் நிறங்களை மாற்றிப் பூட்டினால் இழுக்கும் பகுதி தொடர்ந்து ஓடிக் கருகிவிடும்.

பிறகு மெகர். ரெக்டிபயரை முழுதாகக் கழற்றிவிட்டே அடியுங்கள். அதைத் தொடுத்தபடி மோட்டரை மெகர் பண்ணினால் உள்ளேயிருக்கும் டயோட், வாரிஸ்டர் ஊடாகப் பாய்ந்து ஒன்றில் பிழையான அளவு வரும், இல்லாவிட்டால் இலத்திரன் பாகங்கள் போகும். கொயிலுக்கும் உடம்புக்கும் நடுவே 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் திரும்ப மின்சாரம் கொடுக்காதீர்கள். முகத்துவாரம், மட்டக்குளி, துறைமுகப் பக்கங்களில் உப்புக் காற்றோடு ஈரம் சேர்ந்து கொயில் வயர் வெளியே வரும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். அங்கே துடைத்துக் காயவைத்த பிறகு அளவு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

6. டயோட் சோதனை, மின்சாரம் இல்லாமல்

எல்லா வயரையும் கழற்றிய ரெக்டிபயரில் செய்யவேண்டிய சோதனை இது. ஒரு வயர் தொடுப்பில் இருந்தாலும் கொயில் ஊடாகவோ மோட்டர் ஊடாகவோ சுற்றி வந்து பொய் சொல்லும்.

பிரிட்ஜ் என்றால், மீற்றரின் சிவப்பு முனையை மைனஸில் வைத்து, கறுப்பை ஒவ்வொரு ஏசி முனையிலும் தொடுங்கள். 0.4 முதல் 0.7 வரை காட்டவேண்டும். அடுத்து கறுப்பைப் பிளஸில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு ஏசி முனையிலும் தொடுங்கள். அதே அளவு. முனைகளைத் திருப்பிப் பிடித்தால் நான்கிலும் ஓஎல், அதாவது கரண்ட் பாயவில்லை என்று மீற்றர் காட்டும். ஏசிக்கும் ஏசிக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஓஎல். சிவப்பு மைனஸிலும் கறுப்பு பிளஸிலும் வைத்தால் இரண்டு டயோட் தொடராக வரும், 0.9 முதல் 1.3 வரை காட்டும். இதைப் பழுது என்று நினைத்துத் தூக்கி எறிகிறவர்களும் உண்டு.

ஹாஃப் வேவ் என்றால் உள்ளே இரண்டு டயோட். ஒன்று ஏசியிலிருந்து பிளஸுக்கு. இன்னொன்று மைனஸிலிருந்து பிளஸுக்கு. ஃப்ரீவீல் டயோட் என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது ஏசி முனையும் மைனஸும் உள்ளே நேரடித் தொடுப்பு, அங்கே பூச்சியம் காட்டும். அது ஷோட் இல்லை. மற்ற ஏசி முனையில் சிவப்பு, பிளஸில் கறுப்பு: 0.4 முதல் 0.7. மைனஸில் சிவப்பு, பிளஸில் கறுப்பு: அதேபோல. திருப்பினால் இரண்டிலும் ஓஎல்.

இரண்டு பக்கமும் பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டும் டயோட் ஷோட். இரண்டு பக்கமும் ஓஎல் என்றால் திறந்துவிட்டது, அதாவது உள்ளே அறுந்துவிட்டது.

பல ஐரோப்பிய ரெக்டிபயர்களில் ஆறு முனை இருக்கும். 1, 2 ஏசி. 3, 4 டிசி பக்கத்துக் கொன்டக்ட். 5, 6 கொயில். 3க்கும் 4க்கும் நடுவே ஒரு வயர்த்துண்டோ கொன்டக்டோ இல்லாமல் கொயிலுக்கு எதுவும் போகாது. புதியதைப் பூட்டும்போது பழையதிலிருந்த அந்தச் சின்னத் துண்டை மாற்றிப்போட மறந்துவிட்டு "புது ரெக்டிபயரும் டெட்" என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போவது அடிக்கடி நடப்பது. இலக்கங்கள் எல்லாக் கம்பனியிலும் இப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் உடம்பில் அச்சடித்த படத்தைப் பாருங்கள்.

முதலில் கூட்டிக் கொடுத்துப் பிறகு குறைக்கும் வகைக்குள் டயோட் மட்டும் இல்லை, நேரம் பார்த்து மாற்றும் இலத்திரன் சுற்றும் இருக்கிறது. அதில் இந்தச் சோதனை ஷோட்டைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். டயோட் நிலையில் நன்றாகத் தெரிந்தாலும் அடுத்த படியில் தோற்கலாம்.

கடைசியாகக் கண்ணால் பாருங்கள். உருண்டை நாணயம்போல் இருக்கும் வாரிஸ்டர் வெடித்தோ கறுத்தோ இருந்தால், மற்ற எல்லாம் சரியாக அளந்தாலும் அந்த ரெக்டிபயரைத் திரும்பப் பூட்ட வேண்டாம். வாரிஸ்டர் இல்லாத நிலையில் அடுத்த தடவை பிரேக் பிடிக்கும்போது எழும் வோல்ட்டேஜ் டயோடையும் கொயில் இன்சுலேஷனையும் சேர்த்துத் தாக்கும்.

7. மின்சாரம் கொடுத்து, லோடோடு

லோட் இல்லாமல் டிசி அளப்பதை விட்டுவிடுங்கள். வெறும் முனையில் மீற்றர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. திறந்துபோன டயோட் ஊடாகக் கசிவதும் வோல்ட்டாகத் தெரியும். நல்ல பிரிட்ஜிலும் 207க்குப் பதில் 300 அளவில் காட்டலாம். இரண்டையும் நம்ப முடியாது.

மேசையில் வைத்துப் பார்ப்பதானால் கொயில் இடத்தில் பல்பைத் தொடுங்கள். 230 பிரிட்ஜில் பல்பு நேரடி லைனில் எரிவதுபோலவே எரியும். ஹாஃப் வேவில் மங்கி, லேசாகத் துடிக்கும். மீற்றர் எடுக்கும் முன்னரே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 400 வோல்ட் உள்ளே கொடுத்துச் சோதிப்பதானால் ஒரே வாட் உள்ள இரண்டு பல்புகளைத் தொடராகப் போடுங்கள்.

மோட்டரில் வைத்தே பார்ப்பதானால், மீற்றர் முனைகளை மின்சாரம் நிறுத்தியிருக்கும்போதே கிளிப்பில் மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகு போடுங்கள். முதலில் ஏசி நிலையில் உள்ளே வருவதை அளவுங்கள். பிறகு நிறுத்தி, டிசி நிலைக்கு மாற்றி, வெளியே போவதை அளவுங்கள். டிசிப் பக்கத்தை ஏசி நிலையில் அளந்து வரும் இலக்கத்துக்கு இங்கே பயன் இல்லை.

அளந்த ஏசியை வைத்துக் கணக்குப் போடுங்கள், தகட்டில் உள்ள 230ஐ வைத்து வேண்டாம். லைன் 216 என்றால் ஹாஃப் வேவில் 97 வருவதே சரி. லைன் போய் ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் பிரேக் விடவில்லை என்ற முறைப்பாடு வந்தால், ஜெனரேட்டரில் வைத்து அளவுங்கள். மோட்டர் கிளம்பும் கணத்தில் சிறிய ஜெனரேட்டர் 190க்கு இறங்கினால் கொயிலுக்கு 85தான் போகும். ரெக்டிபயருக்கு அதில் பங்கில்லை.

அளவு கணக்கோடு ஒத்து வராவிட்டால் அதிலிருந்தே பழுதைப் பிடிக்கலாம். பிரிட்ஜில் 207 வரவேண்டிய இடத்தில் 103 வந்தால் ஒரு டயோட் திறந்திருக்கிறது. ஹாஃப் வேவில் 103க்கு மிகவும் கீழே வந்து, பிரேக் கடகடவென்று அதிர்ந்தால் ஃப்ரீவீல் டயோட் திறந்திருக்கிறது. கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் அறுந்து அறுந்து போவதால் வரும் சத்தம் அது. இங்கே ஒரு வேடிக்கை: இதே ரெக்டிபயர் பல்பில் நன்றாகவே எரியும், அளவும் 103 காட்டும். பல்பில் காந்தம் இல்லை, ஃப்ரீவீலுக்கு அங்கே வேலையில்லை. அதனால் பல்புச் சோதனையில் தேறியதைக் கொயிலோடும் ஒரு தடவை அளக்காமல் விடாதீர்கள். போட்டவுடன் பியூஸ் போனால் ஷோட். 6ஆம் படிக்குத் திரும்புங்கள்.

கூட்டிக் குறைக்கும் வகையில் போட்டவுடன் 207ஐத் தொட்டு, பிறகு 103க்கு இறங்கவேண்டும். மீற்றர் இலக்கம் ஓடிவிடும், கூடிய அளவைப் பிடித்துவைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு போடுங்கள். இறங்காமல் 207லேயே நின்றால் உடனே நிறுத்துங்கள்: கொயிலில் நான்கு மடங்கு சூடு. நேரே 103லிருந்து தொடங்கினால், புது லைனிங்கில் பிரேக் விடும், தேய்ந்ததில் விடாது.

கிளாம்ப் மீற்றரால் கரண்டையும் பார்க்கலாம். மேலே சொன்ன 103 வோல்ட், 265 ஓம் கொயிலுக்கு 0.39 அம்பியர். இவ்வளவு சிறியதைக் கிளாம்ப் சரியாகக் காட்டாது. வயரைத் தாடைக்குள் 10 சுற்றுச் சுற்றினால் 3.9 காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

8. எல்லா அளவும் சரி, பிரேக் மட்டும் விடவில்லை

அப்படியென்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு ஃபீலர் கேஜை எடுங்கள். கொயில் உடம்புக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி சிறிய பிரேக்குகளில் புதிதாக 0.2 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் இருக்கும். லைனிங் தேயத் தேய அது கூடும். இடைவெளி இரட்டிப்பானால் காந்த இழுவிசை பாதியாக அல்ல, கால்வாசிக்குக் கிட்ட இறங்கிவிடும். தட்டு அசையாது, மோட்டர் பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடும், கருகல் மணம் வரும், பழி ரெக்டிபயர்மேல் விழும். சுற்றிவர மூன்று இடத்தில் அளந்து, கம்பனிப் புத்தகத்திலுள்ள எல்லைக்குள் சரிசெய்யுங்கள்.

சூடாக இருக்கும்போது மட்டும் விடாத பிரேக்கும் இந்த வகைதான். தடை 24 வீதம் கூடினால் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எல்லையில் நிற்கும் இடைவெளிக்கு அது போதாது.

9. பிரேக் பிடிக்க நேரமெடுத்தால்

ரெக்டிபயரின் ஏசிப் பக்கத்தை மட்டும் வெட்டினால், கொயிலிலுள்ள கரண்ட் ஃப்ரீவீல் டயோட் ஊடாக (பிரிட்ஜ் என்றால் அதன் சொந்த டயோட்கள் ஊடாக) சுற்றிக்கொண்டே மெதுவாக அடங்கும். அதுவரை பிரேக் பிடிக்காது. கன்வேயருக்கு இது பரவாயில்லை, மென்மையாக நிற்கும். ஹொயிஸ்டில் சுமை ஒரு சாண் கீழே இறங்கிவிடும். ஏசி மோட்டர் டெர்மினலிலிருந்து எடுத்திருந்தால் இன்னும் மோசம்: மெயினை நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டர் கொஞ்ச நேரம் தானே வோல்ட்டேஜ் உண்டாக்கி ரெக்டிபயருக்கு ஊட்டும்.

சுமை தூக்கும் எதிலும் டிசிப் பக்கத்தையும் சேர்த்து வெட்டவேண்டும். ஆறு முனை வகையில் 3, 4இல் இருக்கும் துண்டை எடுத்துவிட்டு அங்கே கொன்டக்டரின் கொன்டக்ட் வரும். சாதாரண உதவிக் கொன்டக்ட் இதற்குத் தாங்காது. டிசி பொறி ஏசிபோலப் பூச்சியத்தைக் கடந்து தானாக அணைவதில்லை. மெயின் கொன்டக்ட் இரண்டு அல்லது மூன்றைத் தொடராகப் போடுங்கள், கொன்டக்டரின் தகட்டில் டிசி அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு நன்றாகப் பிடித்த ஹொயிஸ்ட் இப்போது நழுவுகிறதென்றால், இந்தக் கொன்டக்ட் ஒட்டிப்போயிருக்கிறதா, அல்லது பழுதானபோது யாராவது அங்கே வயர்த்துண்டு போட்டு "தற்காலிகமாக" ஓடவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவதே அதிகம் காணக்கிடைப்பது.

10. மாற்றும்போது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் நான்கு கால் சதுரப் பிரிட்ஜைப் பூட்டிச் சமாளிப்பது பரவலாக நடக்கிறது. அம்பியர் தாராளம், 35 அம்பியர்கூடத் தாங்கும். குறை வேறு இரண்டு. ஒன்று, பழையது ஹாஃப் வேவாக இருந்தால் இது கொயிலுக்கு இரட்டை வோல்ட்டேஜ் கொடுக்கும், சூடு நான்கு மடங்கு. இன்னொன்று, அதற்குள் வாரிஸ்டர் கிடையாது. 400 வோல்ட்டின் உச்சம் 566. அதற்கு மேல் கொன்டக்டர் வெட்டும்போது வரும் தாக்குகள். 1000 வோல்ட் டயோட் அங்கே போதாது, 1600 வோல்ட் வேண்டும்.

அசல் கிடைக்காவிட்டால் வேறு கம்பனியின் பிரேக் ரெக்டிபயரை வாங்கலாம், பெயர் முக்கியமில்லை. 3ஆம் படியில் எழுதிய மூன்று எண்களோடு இரண்டைச் சேர்த்துப் பாருங்கள்: உள்ளே தாங்கும் உச்ச ஏசி, வெளியே தரும் அம்பியர். பல பிரிட்ஜ் ரெக்டிபயர்கள் 270 வோல்ட் அளவுக்கே செய்யப்பட்டவை. 400இல் கட்டினால் வாரிஸ்டர் முதலில் வெடிக்கும். அம்பியர் அளவு சூட்டோடு குறையும். சூடேறும் டெர்மினல் பெட்டிக்குள் வைப்பதானால் கொயில் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு தாங்குவதை எடுங்கள். அல்லது போர்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், அங்கே அதிர்வும் இல்லை.

இரண்டு வயர்க் கொயிலுக்குப் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பது பொருட்டில்லை. மூன்று வயருக்கு நிறம் பார்த்தே பூட்டவேண்டும்.

பூட்டிய பிறகு மோட்டரைச் சுமையில்லாமல் பத்துத் தடவையாவது போட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் தட்டு "டக்" என்று ஒரே சத்தத்தோடு விடவேண்டும், பிடிக்கவேண்டும். அதன் பிறகு ஏசி, டிசி, கொயில் ஓம், இடைவெளி நான்கையும் திகதியோடு எழுதி டெர்மினல் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.